ஃபுல் ஃபிரேம் வாங்கும் முன்: கொடைக்கு எது, கூந்தன்குளத்துக்கு எது?

"ஃபுல் ஃபிரேம் வாங்கினால் படம் நன்றாக வருமா?" கேமராவில் புதிதாக இறங்குகிறவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் இதைத்தான். வரும். ஆனால் எந்தப் படம் என்பதைப் பொறுத்தது அது. பாளையங்கோட்டை வெயிலில் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு எடுத்த படத்தைக் காட்டி, இது ஃபுல் ஃபிரேமா, அதில் பாதி விலைக்குக் கிடைக்கும் கேமராவா என்று கேட்டால் பழகிய கண்ணுக்கே சொல்வது கஷ்டம். அதே இரண்டு கேமராக்களையும் ராத்திரி ஒரு மணிக்குச் சுடலைமாடன் கோயில் கொடைக்கு, அதாவது ஊர்க் கோயில் திருவிழாவுக்கு, கொண்டுபோய்ப் பாருங்கள், பின்பக்கத் திரையிலேயே வித்தியாசம் தெரிந்துவிடும்.

ஆகவே கேமரா எது என்று யோசிப்பதற்கு முன்னால் படம் எது, வெளிச்சம் எவ்வளவு, எவ்வளவு தூரத்திலிருந்து எடுக்கப் போகிறோம் என்ற மூன்றையும் முடிவு செய்ய வேண்டும். அதற்கேற்ற லென்ஸ் அடுத்தது. கேமரா உடல், அதாவது லென்ஸ் இல்லாத கேமரா, கடைசி. கடையில் போய் நின்றால் வரிசை தலைகீழாகிவிடுகிறது. முதலில் உடலைக் காட்டுவார்கள், மிச்சமிருக்கும் காசுக்குக் கூட வருகிற லென்ஸை மாட்டிக் கொடுத்துவிடுவார்கள்.

சரி, ஃபுல் ஃபிரேம் என்றால் என்ன? கேமராவுக்குள் வெளிச்சத்தை வாங்கும் சென்சாரின் அளவு, அவ்வளவுதான். 36க்கு 24 மில்லிமீட்டர். ஃபிலிம் காலத்துக் கணக்கு இது. ஸ்டுடியோக்களில் ஓடிய 35 எம்எம் ரோலில் ஒரு நெகட்டிவ் கட்டத்தின் அளவும் இதுதான். டிஜிட்டல் வந்த புதிதில் இவ்வளவு பெரிய சென்சாரைச் செய்வது கட்டுப்படியாகவில்லை. அதனால் சின்ன சென்சார்களை வைத்தே கேமராக்கள் வந்தன. 2002-ல் கேனன் 1டிஎஸ் ஃபுல் ஃபிரேமில் வந்தது. பத்திரிகை அலுவலகமும் பெரிய ஸ்டுடியோவும் மட்டுமே தொடக்கூடிய விலை. 2005-ல் வந்த 5டி அதைக் கொஞ்சம் கீழே இறக்கியது. கல்யாண போட்டோகிராபர்கள் கையில் ஃபுல் ஃபிரேம் பரவலானது அதற்கப்புறம்தான்.

சின்ன சென்சார்களை ஏ.பி.எஸ்-சி என்பார்கள்; பேச்சில் 'கிராப் சென்சார்'. நிக்கான், சோனி, ஃபியூஜி கேமராக்களில் இது ஏறக்குறைய 23.5க்கு 15.6 மில்லிமீட்டர், கேனனில் இன்னும் கொஞ்சம் சின்னது. பரப்பளவில் பார்த்தால் ஃபுல் ஃபிரேம் இதைப்போல் சுமார் 2.3 மடங்கு. அதாவது ஒரே எஃப் எண்ணிலும் ஒரே ஷட்டர் வேகத்திலும் ஃபுல் ஃபிரேம் மொத்தமாக வாங்கும் வெளிச்சம் இரண்டு மடங்குக்குச் சற்று மேல். வெளிச்சம் இரட்டித்தால் போட்டோகிராபர்கள் அதை ஒரு ஸ்டாப் என்பார்கள்; அவர்கள் பேச்சில் இது 'ஒரு ஸ்டாப்பும் கொஞ்சமும்'. இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கொடையில் தேவைப்படும்.

லென்ஸில் இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது எம்எம் கணக்கு. எவ்வளவு அகலம் படத்தில் அடங்கும் என்பதை அது சொல்கிறது. இதற்கு ஒரு சுலபக் கணக்கு உண்டு: நிற்கும் தூரத்தை 36-ஆல் பெருக்கி எம்எம்-ஆல் வகுத்தால், ஃபுல் ஃபிரேமில் அந்தத் தூரத்தில் எத்தனை மீட்டர் அகலம் அடங்கும் என்று வரும். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தில் ரத வீதி மாடி ஒன்றில் நிற்கிறீர்கள், தேர் 15 மீட்டர் தள்ளி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 50 எம்எம் லென்ஸில் 15 x 36 / 50, அதாவது 10.8 மீட்டர் அடங்கும். 24 எம்எம் என்றால் 22.5 மீட்டர், வடம் பிடிக்கிற கூட்டமும் சேர்ந்து வரும். 200 எம்எம் என்றால் 2.7 மீட்டர்தான், தேர்ச் சிற்பம் ஒன்று, பக்கத்தில் நிற்கும் ஆள் ஒருவர், அதோடு சரி. கிராப் சென்சாரில் 36-க்குப் பதில் 23.5 போட்டுக்கொள்ளுங்கள். வாங்குவதற்கு முன்னால் நீங்கள் வழக்கமாகப் படம் எடுக்கிற இடத்தில் நின்று இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தாலே எந்த லென்ஸ் என்பதில் பாதி முடிவாகிவிடும்.

இரண்டாவது எண் எஃப். லென்ஸின் துவாரம் எவ்வளவு அகலத் திறக்கும் என்பது. எண் குறையக் குறைய வெளிச்சம் கூடும். எஃப் 4-இலிருந்து எஃப் 2.8-க்கு வந்தால் வெளிச்சம் இரட்டிப்பு. எஃப் 4-க்கும் எஃப் 1.8-க்கும் ஏறக்குறைய ஐந்து மடங்கு வித்தியாசம். சென்சார் மாற்றினால் 2.3 மடங்கு, லென்ஸ் மாற்றினால் 5 மடங்கு. விலையையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். 50 எம்எம் எஃப் 1.8 பல நிறுவனங்களில் மலிவான லென்ஸ்களில் ஒன்று.

கொடைக்குப் போவோம்

நெல்லைச் சீமையில் வெளிச்சத்துக்குப் பரீட்சை வைக்கிற நிகழ்ச்சி என்றால் கோயில் கொடைதான். ஒரு பக்கம் வில்லுப்பாட்டு, ஒரு பக்கம் கணியான் கூத்து, நடுராத்திரிக்கு மேல் சாமியாட்டம். வெளிச்சத்துக்குப் பந்தலில் நாலு டியூப்லைட்டும் வேப்பமரத்தில் சுற்றிய சீரியல் செட்டும்தான். சாமியாடிக்கு ஃபிளாஷ் அடிப்பது நல்லதில்லை. ஆடுகிறவருக்கும் தொந்தரவு, சுற்றி நிற்கிறவர்களும் முகம் சுளிப்பார்கள். தவிர, ஃபிளாஷ் பட்ட உடனே அந்த ராத்திரியின் களையே போய், எல்லாம் ரேஷன் கார்டு போட்டோ மாதிரி ஆகிவிடும்.

ஐ.எஸ்.ஓ என்பது குறைந்த வெளிச்சத்திலும் படத்தைப் பிரகாசமாக்கக் கூட்டி வைக்கும் எண். ஐ.எஸ்.ஓ 6400-இல் எஃப் 4 லென்ஸோடு நின்றால், இந்த மாதிரி வெளிச்சத்தில் ஷட்டர் 1/50-க்கு, அதாவது விநாடியில் ஐம்பதில் ஒரு பங்குக்கு, வந்து நிற்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிற்கிறவர் முகத்துக்கு 1/50 போதும். கையில் வல்லயத்தை (ஈட்டி) பிடித்துச் சுழன்று ஆடுகிறவருக்குப் போதாது. கையும் வல்லயமும் கோடுகோடாய் இழுத்துவிடும். லென்ஸை மட்டும் எஃப் 1.8-க்கு மாற்றினால் அதே ஐ.எஸ்.ஓ-வில் 1/250 கிடைக்கும். ஆட்டத்தை நிறுத்திப் பிடிக்க அது பெரும்பாலும் போதும்.

கணக்கை இன்னொரு விதமாகவும் போடலாம். பழைய கிராப் கேமராவில் 35 எம்எம் எஃப் 1.8 மாட்டியவரும், புது ஃபுல் ஃபிரேமில் கூடவே வந்த எஃப் 4 ஜூமை மாட்டியவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். லென்ஸால் ஒருவருக்கு ஐந்து மடங்கு, சென்சாரால் மற்றவருக்கு 2.3 மடங்கு. பழைய கேமராக்காரர்தான் இரண்டு மடங்கு முன்னால் நிற்கிறார். ஜூமைக் கொஞ்சம் நீட்டியதும் எஃப் 6.3 ஆகிவிடுகிற, கேமராவோடு சேர்த்து விற்கும் கிட் லென்ஸ் என்றால் கேட்கவே வேண்டாம். ஃபுல் ஃபிரேமும் எஃப் 1.8-உம் ஒரே கையில் சேர்ந்தால்தான் கொடுத்த காசுக்குப் பலன் முழுசாகத் தெரியும்.

கொடையில் இன்னொரு தொல்லை உண்டு. டியூப்லைட்டும் மலிவான எல்.ஈ.டி விளக்கும் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விநாடிக்கு நூறு தடவை மங்கிப் பிரகாசிக்கும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். சத்தமே வராத எலக்ட்ரானிக் ஷட்டரில் 1/250 வைத்தால் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள், மெனுவில் ஆன்டி ஃபிளிக்கர் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். அப்படியும் அடங்காவிட்டால் 1/100-க்கு இறங்கி, ஆடுகிறவர் ஒரு கணம் நிற்கும் நேரம் பார்த்து அடிக்க வேண்டியதுதான்.

மங்கலும் ஒரு மயக்கம்

ஃபுல் ஃபிரேமில் பலரும் விரும்புவது பின்னணி மங்கி முகம் மட்டும் தெளிவாக நிற்கும் படத்தை. ஆளைப் படத்தில் ஒரே அளவுக்கு நிறுத்தினால், ஃபுல் ஃபிரேமில் எஃப் 2.8 தரும் மங்கலைக் கிராப் சென்சாரில் பெற எஃப் 1.8 வேண்டும். வித்தியாசம் உண்மைதான். ஆனால் புதிதாக வாங்கியவர்கள் எல்லாவற்றையும் எஃப் 1.8-லேயே எடுத்துத் தள்ளுவார்கள். 85 எம்எம் எஃப் 1.8-ஐ இரண்டு மீட்டர் தள்ளி வைத்து எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய 6 சென்டிமீட்டர். கண்ணில் ஃபோகஸ் வைத்தால் காது மங்கும். மணப்பெண்ணின் ஜிமிக்கி தெரிய வேண்டும் என்று வீட்டார் காசு கொடுத்திருக்கும்போது காது மங்கினால் சும்மா விடமாட்டார்கள். ஒரு முகத்துக்கு எஃப் 2.8, மாப்பிள்ளையும் பெண்ணும் சேர்ந்து நின்றால் எஃப் 4, மேடையில் சித்தப்பா பெரியப்பா குடும்பமெல்லாம் மூன்று வரிசையாக நின்றால் எஃப் 8. அந்தக் குடும்ப போட்டோவில் ஃபுல் ஃபிரேமின் மங்கல் உங்களுக்கு எதிரி.

கல்யாணம் பற்றிப் பேச்சு வந்துவிட்டது, அதையும் பார்த்துவிடலாம். தொழிலாக எடுக்கிறவர் ஃபுல் ஃபிரேம் வாங்குவதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. மண்டப வெளிச்சம் ஒரு கதம்பம்: மேடையில் மஞ்சள் ஃபோகஸ் லைட், பின்னால் எல்.ஈ.டி திரை, பக்கவாட்டில் வீடியோக்காரரின் வெள்ளை லைட், நடுவில் ஹோமப் புகை. ரா ஃபைலில் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ஃபைல்) எடுத்துவிட்டு நிறத்தைப் பிறகு சரிசெய்யும்போது பெரிய சென்சார் நிறையவே தாங்கும். மணமகள் அறை பெரும்பாலும் சின்னது. 85 எம்எம்-இல் ஒரு ஆளைத் தலைமுதல் கால்வரை எடுக்க, கேமராவை நெட்டுக்குத்தாகப் பிடித்தாலும் நாலரை மீட்டர் பின்னால் போக வேண்டும், சுவர் விடாது. 35 எம்எம் என்றால் இரண்டு மீட்டரில் முடிந்துவிடும். 35-ஐயும் 85-ஐயும் தனித்தனி உடலில் மாட்டிக்கொண்டு சுற்றுகிறவர்கள் உண்டு. ஒரே உடல்தான் என்றால் 24-70 எஃப் 2.8. கெட்டிமேளம் கொட்டியதும் மேடையில் சொந்தக்காரர்களும் வீடியோக்காரரும் முன்னால் வந்து மறைப்பார்கள். அந்த நேரத்துக்கு 24 பக்கம் ஜூமைத் திருப்பத் தெரிந்தவர் பிழைத்துக்கொள்வார். மண்டபத்தின் கடைசியில் நின்று அப்பாவின் கண்ணீரைப் பிடிக்க 70-200.

இன்னொன்று, கல்யாணம் எடுப்பவருக்கு மெகாபிக்சலைவிட முக்கியம் கேமராவில் இரண்டு கார்டு போட இடம் இருப்பது. தாலி கட்டு மறுபடி நடக்காது. ஒரு கார்டு கெட்டாலும் மற்றதில் அதே படம் இருக்கும்.

பறவைக்காரர் ஃபுல் ஃபிரேம் வாங்கலாமா?

அவசரப்பட வேண்டாம் என்பேன். நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2022-இல் ராம்சர் பட்டியலில், அதாவது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்த இடம். மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் ஊருக்குள்ளே, வீட்டு மரங்களிலேயே கூடு கட்டும். ஊர்க்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அதனால் பறவைகள் ஆளைக் கண்டு அவ்வளவாக மிரளுவதில்லை, தெருவில் நின்றே படம் எடுக்கலாம். மஞ்சள் மூக்கு நாரை ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம். 40 மீட்டர் தள்ளி இருக்கும் கூட்டை 400 எம்எம் லென்ஸில் பார்த்தால் ஃபுல் ஃபிரேமில் 3.6 மீட்டர் அகலமும் 2.4 மீட்டர் உயரமும் அடங்கும். நாரை படத்தின் உயரத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக, கூடும் குஞ்சும் சேர்ந்து அழகாக விழும். இங்கே ஃபுல் ஃபிரேமும் 400-ம் தாராளம்.

ஆனால் தாமிரபரணிக் கரையில் மூங்கில் கழியில் உட்கார்ந்திருக்கும் சிறுநீல மீன்கொத்தி? அது ஒரு சாண்கூட இல்லை, 16 சென்டிமீட்டர்தான். 20 மீட்டர் தூரத்தில் 600 எம்எம் போட்டாலும் ஃபுல் ஃபிரேமில் 80 சென்டிமீட்டர் உயரம் அடங்கும், மீன்கொத்தி அதில் ஐந்தில் ஒரு பங்கு. வெட்டிப் பெரிதாக்கத்தான் வேண்டும். 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் படத்தைக் கிராப் அளவுக்கு வெட்டினால் மிஞ்சுவது பத்து மெகாபிக்சலும் சொச்சமும். அதே 600 எம்எம் லென்ஸைக் கிராப் கேமராவில் மாட்டியிருந்தால் அதே காட்சி இருபதுக்கு மேல் மெகாபிக்சலில் கிடைத்திருக்கும். ஆகவே பறவை மட்டும்தான் என்று முடிவெடுத்தவர் கிராப் உடலில் நின்றுகொண்டு மொத்தப் பணத்தையும் லென்ஸில் போடுவது புத்திசாலித்தனம். ஃபுல் ஃபிரேம்தான் வேண்டும் என்றால் 45 மெகாபிக்சலுக்கு மேல் உள்ள உடல். அது வேறு விலை.

பறவை லென்ஸ் ஏன் அவ்வளவு விலை என்று கேட்பவர்களுக்கு: 600-ஐ 6.3-ஆல் வகுத்தால் 95. 600 எம்எம் எஃப் 6.3 லென்ஸுக்கு முன்னால் குறைந்தது 95 மில்லிமீட்டர் அகலக் கண்ணாடி வேண்டும். எஃப் 4 என்றால் 150. அந்தக் கண்ணாடியைச் செய்யும் செலவுதான் விலையில் தெரிகிறது. சோனியின் 200-600, நிக்கானின் 180-600 இரண்டும் 95 எம்எம் ஃபில்டர் போடுகிற லென்ஸ்கள், எடை இரண்டு கிலோ பக்கம். நடந்தே சுற்றுகிறவருக்குக் கேனனின் 100-400 ஒரு நல்ல துணை, 635 கிராம்தான். ஆனால் நீட்டினால் எஃப் 8 ஆகிவிடும். காலை ஒன்பது மணி வெயிலுக்குப் பொருந்தும், விடிகாலைக்குப் பொருந்தாது.

களக்காடு முண்டந்துறைப் பக்கம் காட்டுக்குள் போகிறவர்கள் வனத்துறை அனுமதியோடு, அவர்கள் சொல்லும் பாதையிலேயே போக வேண்டும். ட்ரோனைப் பையிலேயே வைத்துவிடுங்கள். கூட்டுக்குப் பக்கத்தில் போனால்தான் நல்ல படம் வரும் என்று தோன்றினால் உங்களுக்குத் தேவை இன்னும் நீண்ட லென்ஸ்.

மலை, அருவி, கல்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் இங்கே கேமராவைவிட முக்காலி பெரிய ஆள். பொதிகை மலையோ மாஞ்சோலைத் தேயிலைச் சரிவோ, குறுக்குத்துறையில் ஆற்றுக்குள் நிற்கும் முருகன் கோயிலோ, அசையாத காட்சிக்கு ஐ.எஸ்.ஓ 100, எஃப் 8, முக்காலி. இந்தக் கூட்டணியில் எந்தக் கேமராவும் நல்ல படம் தரும். விடியும் நேரத்தில் வானம் பளிச்சென்றும் மலை கறுப்பாகவும் இருக்கும்போது, இருட்டுப் பகுதியைப் பின்னால் தூக்கிவிட ஃபுல் ஃபிரேம் கொஞ்சம் கூடுதல் இடம் கொடுக்கும். லென்ஸ் 16-35 எஃப் 4 அல்லது நிக்கானின் 14-30 எஃப் 4. எஃப் 2.8-க்கு இங்கே காசு கொடுக்காதீர்கள்.

அருவிக்கு ஷட்டர் கால் விநாடி முதல் ஒரு விநாடி வரை இருந்தால் தண்ணீர் பட்டாக இறங்கும். பகலில் அவ்வளவு நேரம் திறந்து வைக்க லென்ஸுக்குள் போகும் வெளிச்சத்தைக் குறைக்கும் என்.டி ஃபில்டர் வேண்டும். போலரைசர் என்ற ஃபில்டரும் ஒன்று வாங்கிவிடுங்கள். ஈரப் பாறையின் பளபளப்பை அது குறைத்துப் பாறையின் நிறத்தை வெளியே கொண்டுவரும், இதைக் கணினியில் செய்ய முடியாது. குற்றாலத்தில் சீசன் நேரத்தில் ஜனங்கள் குளித்துக்கொண்டிருக்கும்போது கேமராவைத் தூக்கினால் வசவு கிடைக்கும், கிடைக்கவும் வேண்டும்.

வைட் லென்ஸில் கோபுரம் எடுக்கிறவர்கள் கேமராவை அண்ணாந்து பிடித்தால் கோபுரம் பின்னால் சாய்ந்துவிடும். கேமராவை நேராகப் பிடித்து, எதிர்த்த வீட்டு மாடிக்கு ஏற அனுமதி கேளுங்கள். கிருஷ்ணாபுரம் கோயில் சிற்பங்களுக்கு நேர் எதிர் உத்தி: மண்டபத்தில் இடம் கிடைக்கிற அளவுக்குத் தள்ளி நின்று 85 எம்எம். பக்கத்தில் போய் 24-இல் எடுத்தால் வீரனின் மூக்கும் முழங்கையும் மட்டும் பெரிதாகி, சிற்பி செதுக்கிய அளவே கெட்டுவிடும். இது லென்ஸின் கோளாறு இல்லை. நாம் பக்கத்தில் போய் நிற்பதால் வருவது. கோயிலுக்குள் எங்கே எடுக்கலாம், எங்கே கூடாது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கருவறைப் பக்கம் கேமராவைத் திருப்பவே வேண்டாம்.

பத்தமடைப் பாய் நெய்கிறவர்களை எடுக்கப் போனால் இரண்டு லென்ஸ். நெய்கிறவரும் தறியும் வீட்டுத் திண்ணையும் சேர்ந்து வர 35 எம்எம். கோரையின் இழையைக் காட்ட, மிகப் பக்கத்தில் போய் எடுக்கும் மேக்ரோ. ஒன்றுக்கு ஒன்று (பொருளின் அளவிலேயே சென்சாரில் விழும்) என்று போட்ட மேக்ரோ லென்ஸில் 36க்கு 24 மில்லிமீட்டர் அளவுப் பாய் படம் முழுக்க நிறையும். நல்ல பட்டுப் பாயில் அந்தச் சின்னத் துண்டுக்குள் எத்தனை இழை ஓடுகிறது என்று திரையில் எண்ணிப் பார்க்கலாம். இதற்கு ஜன்னல் பக்கத்து வெளிச்சம் போதும்.

அப்புறம் உடல்

டவுனில் ஒரு ஸ்டுடியோவில் காதில் விழுந்த பேச்சு இது. "அண்ணாச்சி, அறுபது மெகாபிக்சல் வாங்கட்டுமா?" "படத்தை எங்க போடப் போறீய?" "இன்ஸ்டாலதான்." "அப்போ ஆறு போதும்டே."

அண்ணாச்சி சொன்னதில் மிகை கிடையாது. 24 மெகாபிக்சல் என்பது 6000க்கு 4000 புள்ளிகள். இஞ்சுக்கு 300 புள்ளி வைத்து அச்சடித்தால் 20க்கு 13 இஞ்சு வரும். கல்யாண ஆல்பத்துக்குத் தாராளம். தெருமுனையில் வைக்கும் 20 அடி ஃபிளக்ஸுக்கு அடிக்கு 300 புள்ளி கிடைக்கும். ரோட்டிலிருந்து பார்ப்பவருக்கு அது போதும், யாரும் ஏணி வைத்து ஏறிப் பார்க்கப் போவதில்லை. மெகாபிக்சல் கூடினால் ஃபைல் பெருக்கும், கார்டும் கம்ப்யூட்டரும் மாற்ற வேண்டி வரும்.

முதல் ஃபுல் ஃபிரேமாகச் சில பெயர்கள். நிக்கான் இசட்5 (2020): 24 மெகாபிக்சல், உடலுக்குள் நடுக்கம் தடுக்கும் வசதி, இரண்டு கார்டு, வேகமாக அடுத்தடுத்து அடிப்பதில் மந்தம், பறவைக்கு வேண்டாம். சோனி ஏ7 மார்க் 3 (2018): வயசானாலும் பேட்டரி நன்றாக நிற்கும், இரண்டு கார்டு, கல்யாணத்துக்கு இன்னமும் ஓடுகிறது. கேனன் ஆர்8 (2023): ஃபோகஸ் படு சுறுசுறுப்பு, எடை குறைவு, ஆனால் நடுக்கம் தடுக்கும் வசதி உடலுக்குள் இல்லை, கார்டும் ஒன்றுதான். வீடியோவும் சரிபாதி எடுக்கிறவர் பானசோனிக் எஸ்5 மார்க் 2-ஐப் பார்க்கலாம். நடுக்கம் தடுக்கும் வசதி பற்றி ஒரு வார்த்தை: கோயில் பிரகாரத் தூண்களை முக்காலி இல்லாமல் 1/8-இல் எடுக்க அது உதவும். சாமியாடியை அது நிறுத்தாது. நடுங்கும் கைக்குத்தான் மருந்து, ஆடும் ஆளுக்கு இல்லை.

உடலைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது லென்ஸ் மாட்டும் இடம், அதாவது மவுண்ட். அது சம்பந்தம் பண்ணுவது மாதிரி. பெண்ணைக் கட்டிய பிறகு அந்தக் குடும்பம் முழுக்க நம் உறவு. உடலை நாலைந்து வருஷத்தில் மாற்றிவிடுவீர்கள், லென்ஸ்கள் கூடவே இருக்கும். சோனி மவுண்டுக்கு டாம்ரான், சிக்மா இரண்டும் நிறைய லென்ஸ் போடுவதால் நடுத்தரப் பட்ஜெட்காரருக்கு அது வசதி. கேனனின் புது மவுண்டில் ஃபுல் ஃபிரேமுக்கு வெளி நிறுவன ஆட்டோஃபோகஸ் லென்ஸ் மிகக் குறைவு. ஆனால் வீட்டில் பழைய கேனன் ஈ.எஃப் லென்ஸ் கிடந்தால் இடையில் மாட்டும் அடாப்டரில் ஜம்மென்று வேலை செய்யும். நிக்கானின் பழைய ஏ.எஃப்-டி லென்ஸ்கள் புது இசட் உடலில் எஃப்.டி.இசட் அடாப்டரோடு மாட்டும், ஆனால் ஃபோகஸைக் கையால்தான் திருப்ப வேண்டும். கிராப் கேமராவோடு வந்த கிட் லென்ஸை ஃபுல் ஃபிரேமில் மாட்டலாமா என்றும் கேட்பார்கள். பெரும்பாலும் மாட்டலாம், கேமரா படத்தைக் கிராப் அளவுக்கு வெட்டிக்கொள்ளும். பெரிய சென்சாருக்குக் கொடுத்த காசு அங்கே வீண்.

பட்ஜெட் இடித்தால் பழைய டி.எஸ்.எல்.ஆர் (உள்ளே கண்ணாடி வைத்த கேமரா) பக்கம் திரும்புங்கள். நிக்கான் டி750 (2014), கேனன் 6டி (2012) இரண்டும் இன்றைக்கும் கல்யாண ஆல்பம் தரக்கூடிய ஃபுல் ஃபிரேம்கள். அவற்றோடு 50 எம்எம் எஃப் 1.8 வாங்கினால் கொடைக்கும் ஆச்சு. பழசு வாங்கும்போது ஷட்டர் எத்தனை தடவை அடித்திருக்கிறது என்று கேளுங்கள். டி750-இன் ஷட்டரை ஒன்றரை லட்சம் தடவைக்கு என்று சொல்லி விற்றார்கள். அதற்கு மேல் போனால் உடனே செத்துவிடும் என்பதில்லை, விலையைக் குறைத்துப் பேச ஒரு காரணம்.

லென்ஸைப் பரிசோதிக்க உங்கள் போன் டார்ச் போதும். பின்பக்கமிருந்து டார்ச் அடித்து முன்பக்கமாகப் பாருங்கள். நாலு தூசி இருந்தால் பரவாயில்லை. சிலந்தி வலை மாதிரி மெல்லிய நூல் ஓடினால் அது பூஞ்சை, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். மாஞ்சோலைச் சாரலிலும் குற்றாலச் சீசனிலும் நனைந்த கேமராவைத் துடைக்காமல் பையில் போட்டு மூடி வைத்தால் உங்கள் புது லென்ஸிலும் அது வளரும். உவரிக் கடற்கரைக்குப் போய்வந்தால் உப்புக் காற்று பட்ட உடலை அன்றைக்கே லேசாக ஈரத் துணியால் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் துடையுங்கள். வீட்டில் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் மாற்றிவிடுங்கள். தோல் உறைக்குள் மாதக்கணக்கில் கிடக்க வேண்டாம், தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். அரிசிப் பானைக்குள் போட்டு வைக்கச் சொல்லும் யோசனையும் வேண்டாம். அரிசித் தவிடு ஜூம் வளையத்துக்குள் போனால் எடுக்கிற கூலி சிலிக்கா ஜெல்லைவிடப் பல மடங்கு.